பச்சைப் பாட்டிலும் புளிச்சக்காய் மரமும்

சிஸ்டர் அந்தப் பாட்டிலின் மூடியைத் திறந்ததும் வார்டு முழுக்கப் புளிப்பு வாசம் பரவியது. பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த பெரியவர்கூடக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"என்னம்மா இது, இப்படிப் பச்சையா இருக்கு?"

சிஸ்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆனால் பதில் சொன்னவர் பாட்டிலைக் கொண்டுவந்த சுடலைமுத்து அண்ணாச்சி. குற்றாலத்தில் எங்கள் மெஸ்ஸுக்கு எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் கடை வைத்திருப்பவர். என் வீட்டுக்காரரோடு ஒன்றாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். தென்காசியில் பஸ் ஏறி, பாட்டிலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு சிந்தாமல் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வரை வந்து சேர்ந்திருந்தார்.

"ஜூஸுதாம்மா. இது குடிக்காம அவனுக்குப் பொழுதே விடியாது. இங்கன வந்து படுத்ததுலேந்து குடிக்கலல்லா, அதான் இப்படி வாடிப் போயி கெடக்கான்."

"என்ன ஜூஸ்?"

"புளிச்சக்காய் ஜூஸு."

சிஸ்டர் மூடியைத் திருகி மூடினார். பாட்டிலோடு டாக்டர் அறையைப் பார்த்து வேகமாக நடந்தார்.

கட்டிலில் கிடந்த என் வீட்டுக்காரர் செல்லத்துரை, ஒரு விக்கலுக்கும் இன்னொரு விக்கலுக்கும் நடுவே, "கொண்டு போயிட்டாளே!" என்றார். கையிலிருந்த மிட்டாயைப் பறிகொடுத்த பிள்ளை மாதிரி இருந்தது அந்தக் குரல்.

இந்தத் தொடரில் எங்கள் மெஸ்ஸின் சாளை மீன் குழம்பைப் பற்றி எழுதிய வாரம், சங்கரன்கோவில் வாசகி ஒருவர், 'அதில் என்ன புளி ஊற்றுவீர்கள்?' என்று கேட்டிருந்தார். நாங்கள் ஊற்றுவது புளியே அல்ல. அதைச் சொல்லப் போனால் இந்தப் பாட்டிலைச் சொல்லாமல் இருக்க முடியாது.

எலுமிச்சை வீட்டுப் பெண்

நான் பிறந்தது புளியங்குடி. அப்பா எலுமிச்சம்பழக் கமிஷன் கடை வைத்திருந்தார். எங்கள் வீட்டில் தலைவலிக்கும் எலுமிச்சை, தலைக்குக் குளிக்கவும் எலுமிச்சை, விருந்தாளி வந்தாலும் எலுமிச்சை. பள்ளிக்கூடத்தில் என் பையைத் திறந்தால் புத்தகத்துக்கு முன்னால் எலுமிச்சை வாசம்தான் வெளியே வரும். சாயங்காலம் மார்க்கெட்டில் லாரிகள் தார்ப்பாய் கட்டி வரிசையாக நிற்கும்போது, உலகத்தின் புளிப்பெல்லாம் எங்கள் ஊரிலிருந்துதான் போகிறது என்று நினைத்திருந்தேன்.

கல்யாணமாகிக் குற்றாலத்துக்கு வந்த முதல் வாரம் செல்லத்துரை ஒரு கிண்ணத்தில் எதையோ நறுக்கி வைத்தார். வெளிர்பச்சைத் துண்டுகள். மேலே உப்பும் மிளகாய்த் தூளும்.

"தின்னு பாரு."

ஒரு துண்டுதான் வாயில் போட்டேன். பல் கூசி, கண்ணில் தண்ணீர் வந்து, காது மடல் வரைக்கும் சிலிர்த்தது. எலுமிச்சை வீட்டுப் பெண் என்று பெருமை பேசியவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏட்டி, ஒங்க எலுமிச்சையெல்லாம் இதுக்கு முன்னால சர்பத்து!"

எனக்கு வந்த கோபத்தில், "எங்க எலுமிச்ச லாரி ஏறி ஊர் ஊராப் போவுது. ஒங்க காயி எங்கன போவுது?" என்று கேட்டேன்.

உண்மையிலேயே அந்தக் காய் எங்கேயும் போகாது. தோல் அவ்வளவு மெல்லிசு. காலையில் பறித்தால் சாயங்காலம் மஞ்சளாகும், மறுநாள் குழைந்துவிடும். தென்காசி மார்க்கெட் வரை கொண்டுபோவதற்குள் பாதி நசுங்கியிருக்கும். அதனால் அதற்கு விலையும் கிடையாது, வியாபாரியும் கிடையாது. மரம் வைத்திருப்பவர்கள் அக்கம்பக்கத்தில் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

பால் டின்னில் வந்தது

எங்கள் மரம் மெஸ்ஸின் பின்பக்கம், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில் நிற்கிறது. அதை வைத்தவர் புனலூர்க்கார சாரதா சேச்சி. எங்களுக்கு முன்னால் அந்தக் கட்டடத்தில் டீக்கடை நடத்தியவர். கன்றை ஒரு பால்பவுடர் டின்னில் வைத்து, மலை ரயிலில் செங்கோட்டை வரைக்கும் மடியிலேயே கொண்டுவந்தாராம். கடையைக் காலி செய்துவிட்டுப் போகும்போது பெஞ்சு, பாய்லர், கண்ணாடி அலமாரி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார். மரத்தடிக்கு வந்து நின்றார்.

"எஸ்தரே, இதை மட்டும் கொண்டுபோக முடியாது. நீ நல்லா நோக்கிக்கணும், கேட்டா?"

எல்லா மரமும் கிளையில் காய்க்கும். இது அடிமரத்திலேயே காய்க்கும். கோவைக்காயைவிடக் கொஞ்சம் நீளமான காய்கள், கொத்துக் கொத்தாக, யாரோ பசை தடவி மரத்தில் ஒட்டிவிட்டுப் போனது போலத் தொங்கும். பூ இத்தனூண்டு, கருஞ்சிவப்பு. சீசனுக்கு வரும் வெளியூர்க்காரர்கள் கை கழுவ வந்து, கழுவாமலே செல்ஃபி எடுத்துக்கொண்டு நிற்பார்கள். "ஆன்ட்டி, இது நிஜக் காயா?" என்று கிள்ளிப் பார்த்தவர்களும் உண்டு. நாங்கள் புளிச்சக்காய் என்போம். சேச்சிக்கு அது இலும்பன்புளி. சென்னையிலிருந்து வந்த ஒரு பெண் செல்போனில் தேடிப் பார்த்துவிட்டு பிலிம்பி என்றாள். எந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் அது காய்த்துக்கொண்டுதான் இருக்கும்.

வேட்டியைக் காப்பாற்றிய காய்

முதலில் நான் அதைச் சீண்டவே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அது என் சமையலறைக்குள் வந்தது.

சாளை மீனுக்குக் கரைத்த புளி ஊற்றினால் குழம்பு கறுத்துப் போகும். புளிச்சக்காயைக் கீறிப் போட்டால் தேங்காய் அரைத்த குழம்பு மஞ்சள் நிறம் மாறாமல் நிற்கும். மீனின் கவிச்சியையும் அது பிடித்துக்கொள்ளும். பாசிப்பருப்போடு வேகவைத்துத் தாளித்தால் சோறு இறங்குவதே தெரியாது. பொடியாக நறுக்கி உப்பில் புரட்டி, வெயிலில் காயவைத்து ஜாடியில் போட்டால் மழைக்காலத்துக்கு ஆகும். காந்தாரி மிளகாயோடு உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் பழைய சோற்றுக்கு வேறொன்றும் வேண்டாம். கார்த்திகைக்கு முந்தின வாரம் எங்கள் தெருப் பெண்கள் குத்துவிளக்கு தேய்க்கக் கூடையோடு வருவார்கள். அது பட்ட பித்தளை புதுசு போல மின்னும்.

ஒருமுறை பக்கத்து லாட்ஜில் ஒரு கல்யாணக் கூட்டம் தங்கியிருந்தது. விடிந்தால் முகூர்த்தம் என்ற நேரத்தில் மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில், முன்பக்கத்திலேயே, உள்ளங்கை அகலத்துக்குத் துருக்கறை. பெட்டியின் கம்பி பட்டுவிட்டதாம். பெண்ணின் மாமா எங்கள் மெஸ்ஸுக்குள் ஓடிவந்து, "இங்கன லாண்டரி ஏதும் தொறந்திருக்கா?" என்று அழாத குறையாகக் கேட்டார்.

செல்லத்துரை நிதானமாக ஒரு காயை இரண்டாக வெட்டினார். உப்புத் தொட்டு, கறையின் மேல் மெதுவாகத் தேய்த்தார். அலசினார். திரும்பவும் தேய்த்தார். கறை முதலில் மஞ்சளாகி, அப்புறம் அங்கே ஒன்று இருந்த அடையாளமே தெரியாமல் போய்விட்டது. அந்த மாப்பிள்ளை இப்போதும் சீசனுக்கு வந்தால் பிள்ளைகளைப் பின்பக்கம் கூட்டிப்போய் மரத்தைக் காட்டுகிறார். "அப்பா மானத்தக் காப்பாத்துனது இவருதான், வணக்கம் சொல்லு."

இப்படிக் கறையை அரிக்கிற காய் வயிற்றுக்குள் போனால் என்ன செய்யும் என்று எங்களில் ஒருவர்கூட யோசிக்கவில்லை.

ஜூஸ் கோஷ்டி

வியாபாரிகள் சங்கத்தில் ஒரு இலவச மருத்துவ முகாம் நடத்தினார்கள். செல்லத்துரைக்குக் கொழுப்பு கூடுதல் என்று வந்தது. சமையல்காரர்களுக்கு அது வராமல் இருந்தால்தான் அதிசயம். மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். அவர் மாத்திரைச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துவிட்டு, வாட்ஸ்அப்பைப் பார்த்தார்.

அதில் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு நின்று, புளிச்சக்காயை மிக்ஸியில் அடித்து, வடிகட்டி, மடமடவென்று குடித்துக் காட்டினார். கொழுப்பெல்லாம் உருகி ஓடிவிடுமாம்.

"பாத்தியா எஸ்தர்! நம்ம வீட்டுக் காயி!"

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. யாருமே விலைக்குக் கேட்காத அந்தக் காய்க்கு வாழ்வு வந்துவிட்டது என்று நினைத்தார். மறுநாள் காலையிலிருந்து மிக்ஸி ஓட ஆரம்பித்தது. வெறும் வயிற்றில் பெரிய டம்ளர் நிறைய.

அவர் மட்டும் குடித்திருந்தால் பரவாயில்லை. சுடலைமுத்து அண்ணாச்சிக்குச் சர்க்கரை. "ஏலே, சர்க்கரைக்கும் கேக்குமாலே இது?" என்று கேட்டார். "எல்லாத்துக்கும் கேக்கும்வே" என்றார் இவர். அப்புறம் ஒரு ஆட்டோக்காரர் சேர்ந்தார். டயர் கடைக்காரர் இசக்கி சேர்ந்தார். காலையில் ஐந்தருவி ரோட்டில் நடக்கப் போகிறவர்கள் திரும்பும்போது எங்கள் பின்வாசலுக்கு வந்து நிற்பார்கள். ஆளுக்கொரு டம்ளர். முகத்தை அஷ்டகோணலாக்கிக் குடித்துவிட்டு, ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நான் அவர்களுக்கு 'ஜூஸ் கோஷ்டி' என்று பெயர் வைத்தேன்.

அந்த வருடம் மரமும் அவர்களுக்கென்றே காய்த்தது.

விக்கல்

கோடை நடுவில் செல்லத்துரைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுப்படி வெக்கை என்று நினைத்தோம். பிறகு வாந்தி. பிறகு விக்கல். சாதாரண விக்கல் இல்லை. பேச்சை இரண்டாக வெட்டிப் போடும் விக்கல். சர்க்கரையை அள்ளிப் போட்டுப் பார்த்தோம், மூச்சை அடக்கிப் பார்த்தோம். ஒரு நாள் செருப்பை மாட்டப் போனவர் முடியாமல் உட்கார்ந்துவிட்டார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"ஏங்க, ஒழுங்கா ஒண்ணுக்குப் போகுதா?" என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "நேத்து... போன ஞாபகம் இல்ல."

தென்காசியில் ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உடனே திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று ஒரு சீட்டைக் கையில் கொடுத்தார். ஆம்புலன்சில் போகும்போது ரோட்டோரத்து வயல்வெளி ஜன்னலில் ஓடியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சீசன் வருது எஸ்தர். மெஸ்ஸ... யாரு பாப்பா?" என்று விக்கிக்கொண்டே கேட்டார். எனக்கு மெஸ்ஸாவது, சீசனாவது. மனசுக்குள் ஜெபம் சொல்லப் பார்த்தேன். பாதியில் வார்த்தை மறந்து போயிற்று.

இரண்டு கிட்னியும் ஏறக்குறைய நின்றுவிட்டன என்றார்கள். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை, கல் இல்லை. கிட்னி டாக்டர் இளவயதுப் பெண். படபடவென்று கேள்வி கேட்டார்.

"வலி மாத்திரை ஏதாவது?"

"இல்ல."

"நாட்டு மருந்து? லேகியம்? பொடி?"

"ஒண்ணும் கெடையாது டாக்டர்."

என் வீட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் மனதில் அது மருந்தே இல்லை. எனக்கும் அது நினைவுக்கு வரவில்லை. வீட்டுக் கொல்லையில் காய்ப்பதை யாராவது டாக்டரிடம் சொல்வார்களா?

டயாலிசிஸ் ஆரம்பித்தார்கள். கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தினமும் பெரிய அண்டாவைத் தனியாகத் தூக்கி இறக்குகிற மனுஷர், குழாய்களுக்கு நடுவே ஒடுங்கிப் படுத்திருந்தார். இனிமேல் வாழ்நாள் பூராவும் இப்படித்தானோ என்று நினைத்தபோது அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த நிலைமையில்தான் அண்ணாச்சி பாட்டிலோடு வந்து சேர்ந்தார்.

சட்டைக் கையை மடக்குங்க

டாக்டர் பாட்டிலைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

"இதை எப்ப இருந்து குடிக்கிறீங்க?"

"பொங்கல் கழிஞ்சதுலேந்து."

"தினமுமா?"

"வெறும் வயித்துல. பெரிய டம்ளரு."

"நாட்டு மருந்து எதுவும் எடுக்கலன்னு சொன்னீங்களே சார்!"

"இது மருந்து இல்லல்லா டாக்டர். காயி. எங்க வீட்டுக் காயி."

டாக்டர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்துவிட்டது போல. இந்தக் காயில் ஆக்ஸலேட் என்று ஒன்று மிக அதிகமாம். குழம்பில் நாலைந்து துண்டு போடுவது வேறு, பச்சைச் சாறாகக் கூடைக் காயைப் பிழிந்து தினமும் குடிப்பது வேறு. அது கிட்னிக்குள் பொடிப் பொடியாகப் படிந்து வழியை அடைத்துவிடுமாம்.

"காரணம் தெரிஞ்சிடுச்சு. நிறுத்தினா பெரும்பாலும் திரும்பி வரும். கொஞ்சம் பொறுமையா இருக்கணும்."

'திரும்பி வரும்' என்ற அந்த வார்த்தையை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் எழுந்தார். அண்ணாச்சியைப் பார்த்தார்.

"நீங்களும் இதைக் குடிக்கிறீங்களா?"

"நான் பாதி டம்ளருதாம்மா. தண்ணி ஊத்தி. எனக்கு அவ்வளவு புளிப்பு ஒத்துக்காது."

"சட்டைக் கையை மடக்குங்க."

"எனக்கா? நான் கல்லு மாதிரி இருக்கேன்!"

"மடக்குங்க சார். ரத்தம் எடுக்கணும்."

நண்பனைப் பார்க்க வந்தவர் சாயங்காலம் அதே வார்டில், இரண்டு கட்டில் தள்ளி, கையில் ஊசியோடு படுத்திருந்தார். அவருக்கும் ரத்தத்தில் உப்பு ஏறத்தான் செய்திருந்தது. நல்லவேளையாக ஆரம்பநிலை. தண்ணீரும் டிரிப்பும் போதும் என்றார்கள். ஊரிலிருந்து வந்த அவர் சம்சாரம் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் நின்று, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் மாறி மாறி இருவரையும் திட்டினார்.

"எல்லாத்துக்கும் கேக்கும்னு சொன்னியேலே பாவி!" என்று அண்ணாச்சி அங்கிருந்து கத்தினார்.

அன்றைக்குத்தான், ஆஸ்பத்திரிக்கு வந்தபின் முதல்முறையாக, செல்லத்துரை சிரித்தார். சிரிப்பில் விக்கல் மாட்டி இருமிக்கொண்டார்.

போனில் ஒரு போராட்டம்

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறியது. "எஸ்தர், போனக் குடு. மத்தவங்களும் குடிச்சிட்டு இருப்பானுவளே!"

கோஷ்டியில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். பேச முடியவில்லை. "ஏலே... ஹிக்... குடிக்காத... ஹிக்... கிட்னி..." என்று அவர் சொல்லும்போது எதிர்முனையில் இருப்பவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் வாங்கிச் சொன்னேன். ஆட்டோக்காரர் பயந்துபோய் அன்றே வந்து ரத்தம் கொடுத்தார். அவருக்கு ஒன்றுமில்லை, பாதி நாள் டம்ளரைச் செடிக்கு ஊற்றியிருக்கிறார். புளிப்பு பிடிக்காதென்று சொல்ல வெட்கமாம்.

டயர் கடை இசக்கிதான் நம்பவில்லை.

"எக்கா, அண்ணன் ஊர்ல இல்லாதப்ப காயப் பறிக்கேன்னு கோவமா? நேராச் சொல்லிரலாம்லா?"

நான் எவ்வளவோ சொன்னேன். "எனக்கு ஒடம்பு லேசா இருக்குக்கா, பறக்குத மாதிரி இருக்கு" என்றார் அவர். அந்தக் கட்டிலிலிருந்து அண்ணாச்சி இறங்கி வந்து போனைப் பிடுங்கினார்.

"ஏ இசக்கி! நான் சுடலைமுத்து பேசுதேன். எங்கனருந்து பேசுதேன் தெரியுமா? ஆஸ்பத்திரிக் கட்டில்லேந்து பேசுதேன். பறக்குத மாதிரி இருக்கா? பறந்துதாம்லே போவ! நாளைக்கிக் காலைல நீ இங்கன வந்து ரத்தம் குடுக்கல, ஒன் பொஞ்சாதிக்குப் போன் போடுவேன்!"

மறுநாள் முதல் பஸ்ஸில் இசக்கி வந்துவிட்டார். அவருக்கும் ஏறியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் பறந்திருந்தால் கஷ்டம்தான் என்றார் டாக்டர். வார்டில் குற்றாலம் வியாபாரிகள் சங்கமே கூடிவிட்டது போலிருந்தது. இசக்கி டிரிப் ஏறும் கையோடு செல்லத்துரையின் கட்டில் பக்கம் வந்து, அவர் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிட்டுப் போனார்.

கொண்டாட்டம்

சில முறை டயாலிசிஸ் ஆனது. ஒவ்வொரு நாளும் எத்தனை மில்லி மூத்திரம் என்று அளந்து சிஸ்டரிடம் சொல்ல வேண்டும். பல நாள் அளக்கவே ஒன்றும் இருக்காது. நான் அந்தப் பிளாஸ்டிக் ஜாடியைக் கழுவிக் கழுவி வைத்தேன்.

ஒரு காலை, பாத்ரூமுக்குள்ளிருந்து அவர் குரல் கேட்டது. "எஸ்தர்! வந்து பாரு!"

ஓடினேன். ஜாடி முக்கால்வாசி நிறைந்திருந்தது. அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பரிசுக்கோப்பை வாங்கினவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். நான் அழுதுவிட்டேன். அன்று அண்ணாச்சிக்கு டிஸ்சார்ஜ். "இதுக்குப் போயி சந்தோசப்பட வேண்டிய காலம் வந்துட்டே!" என்று சொல்லிக்கொண்டே வார்டில் எல்லோருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தார். எதற்கு லட்டு என்று கேட்டவர்களிடம் காரணத்தையும் கூச்சமில்லாமல் சொன்னார். விக்கலும் அந்த வாரமே நின்றது.

அறுவை மிஷின்

மெஸ்ஸைப் பார்த்துக்கொள்ளப் புளியங்குடியிலிருந்து என் தம்பி ஜெபராஜ் வந்திருந்தான். விஷயம் தெரிந்ததும் போன் செய்தான்.

"எக்கா, மிஷின் கொண்டாந்துட்டேன். அந்தச் சனியன் மரத்த வெட்டிப் போடுதேன்."

"வெட்டு" என்றேன். யோசிக்கவே இல்லை. "வேரோட எடு."

போனில் மிஷின் உறுமுவது கேட்டது. செல்லத்துரை கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அவர் எழுந்து உட்கார்ந்து வாங்கிக்கொண்டார்.

"மாப்ள, நிறுத்து."

"அத்தான், ஒங்களக் கொல்லப் பாத்த மரம்!"

"அது என்ன செஞ்சுது? அங்கன நிக்கி, காய்க்கி. டம்ளர் டம்ளரா ஊத்திக் குடிச்சது யாரு, மரமா? வாட்ஸ்அப்புல வந்ததக் கேட்டது யாரு, மரமா? வெட்டணும்னா என் போன வெட்டு."

மிஷின் நின்றது. அதற்குள் ஒரு கிளை போயிருந்தது. என் கோபம் மட்டும் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. வீட்டுக்கு வந்தபிறகும் பல நாள் அந்தப் பக்கம் போகாமல் முன்பக்கக் குழாயிலேயே கை கழுவினேன். காய்கள் பழுத்து விழுந்து, தரையெல்லாம் கூழாகி, அந்த வாசம் அடுப்படிக்குள் வரும்போதெல்லாம் ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது.

அந்த வாசத்தை மறக்கடித்தது எங்கள் தெருப் பெண்கள்தான். வெள்ளிக்கிழமை விளக்குக்காகக் கூடையோடு வந்து, "எஸ்தரக்கா, வெளக்கு தேய்க்க எடுத்துக்கிடலாமா, இல்ல அதுவும் ஆபத்தா?" என்று முகத்தைப் பரிதாபமாக வைத்துக்கொண்டு கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வெளக்குக்குக் கிட்னி கெடையாதுடி, எடுத்துட்டுப் போங்க" என்றேன்.

சாரல் விழுந்த அன்று

அந்த வருட சீசன் கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பித்தது. அதுவும் எங்களுக்கு நல்லதாகப் போயிற்று. ஒரு காலை மலையில் மேகம் இறங்கி, ரோடெல்லாம் பூத்தூறலாக விழுந்தது. அருவியில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஆட்டோக்காரர் சத்தம் போட்டுக்கொண்டே போனார். மதியத்துக்குள் மெஸ்ஸில் ஈரத்தலையோடு கூட்டம்.

செல்லத்துரை அடுப்புக்கு முன்னால் நின்றார். மெலிந்து, சட்டை தொளதொளவென்று தொங்கியது. டாக்டர் எல்லாவற்றுக்கும் அனுமதி கொடுத்திருந்தார், ஒன்றைத் தவிர. மற்றவர்கள் குழம்பில் அளவாகச் சேர்த்துச் சாப்பிடட்டும். இவர் மட்டும் புளிச்சக்காயை எந்த வடிவத்திலும் இனி நாக்கில் வைக்கக் கூடாது.

சாளைக் குழம்பு கொதித்தது. கீறிப்போட்ட காய்கள் மேலே மிதந்தன. அவர் கரண்டியில் எடுத்து, உள்ளங்கையில் ஊற்றி, வாய்க்குக் கொண்டுபோனார். எத்தனையோ வருடப் பழக்கம். கை தானாகப் போகிறது.

வாய்க்குப் பக்கத்தில் கை நின்றது.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். வெளியே யாரோ "அண்ணே, மீன் கொழம்பு ரெடியா?" என்று கேட்டார்கள். ஒரு சமையல்காரர் தன் குழம்பைத் தானே ருசி பார்க்க முடியாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அவர் கையை என் பக்கம் நீட்டினார். நான் குனிந்து அவர் உள்ளங்கையிலிருந்து ருசி பார்த்தேன். சூடும் உப்பும் சரியாக இருந்தன. ஆனால் புளிப்பு சுள்ளென்று ஏறியது. சொல்ல வாயைத் திறந்தேன்.

"தேங்கா பத்தல" என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே. அரைத்து வைத்திருந்த தேங்காயில் ஒரு கை அள்ளிக் குழம்பில் கலக்கி, அடுப்பைத் தணித்துவிட்டு, மறுபடியும் உள்ளங்கையில் ஊற்றி என் பக்கம் நீட்டினார்.